ஐந்நூறு மணி நேரம்

காரைக்குடி

அன்புள்ள மீனாளுக்கு,

அக்கா போனில் எல்லாம் சொன்னது. செய்முறைப் பயிற்சிக்கு எஸ்.புதூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் உனக்கு வந்திருக்கிறதாம். பஸ் குறைவு, பக்கத்தில் ஒரு டீக்கடைகூடக் கிடையாது என்று அக்கா அடுக்கியது அத்தனையும் உண்மைதான். நீயோ, இங்கே தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் பேரைப் பதிந்துவிட்டு, வீட்டிலிருந்தே வீடியோ பாடம் பார்த்தால் போதாதா என்கிறாய்.

போதாது, ஆத்தா.

மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரம் என்பது டி.பார்ம் விதி. அதில் பாதியாவது சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுத்த நேரமாக இருக்க வேண்டும். போகாமலே கையெழுத்துப் போட்டுத் தருகிற கடைகள் இருக்கின்றன, ஊரறிந்த ரகசியம். ஆனால் 1948-ஆம் வருஷத்து பார்மசி சட்டம், 42-ஆம் பிரிவு, பதிவு பெற்ற மருந்தாளுநர் தவிர வேறு யாரும் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக்கூடாது என்று உன்னை நம்பி எழுதி வைத்திருக்கிறது. பழகாத கைக்கு அந்த உரிமை எதற்கு?

வீடியோவைக் குறை சொல்லவில்லை. எச்1 அட்டவணை மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு, டாக்டர் பேர், நோயாளி பேர், அளவு, 3 வருஷம் பத்திரம் என்பதையெல்லாம் கட்டிலில் படுத்துக்கொண்டே படிக்கலாம். ஜன்னலுக்கு வெளியே நிற்கிற ஆச்சி "அந்த வெள்ளை மாத்திரை" என்று கேட்கும்போதுதான் சிக்கல். மெட்பார்மினும் வெள்ளை, அம்லோடிபினும் வெள்ளை. எழுத்துத் தெரியாதவருக்குக் கவரில் சூரியனும் நிலாவும் போட்டுக் கொடு. கொடுத்ததும், எதை எப்போது சாப்பிடுவீர்கள் என்று அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல். குன்றக்குடி முருகனுக்குச் சஷ்டி விரதம் இருப்பவர் வெறும் வயிற்றில் கிளிமெபிரைடு போட்டால் சர்க்கரை சடாரென்று இறங்கும். விரதம் உண்டா என்று நீயாகக் கேட்டாலொழிய அவர் சொல்ல மாட்டார். உண்டென்றால் டாக்டரிடம் திருப்பி அனுப்பு. உன்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மயக்கத்தில் அளவை மாற்றிவிடாதே.

2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே போகிறது. கேட்டு அனுமதி வாங்கி, அதைக் கொண்டுபோகிற பணியாளரோடு ஒரு நாள் நடந்து போ. டிவி மேலே, அரிசிப் பானைக்குப் பின்னாலே, பிரிக்காத மாத்திரைப் பட்டைகள் கிடக்கும். கொடுத்ததாக நம் பதிவேடு சொல்லும், சாப்பிட்டார்களா என்பது அங்கேதான் தெரியும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில், பிரித்த இன்சுலின் குப்பியை நனையாமல் ஒரு டப்பாவில் மூடி மண்பானைத் தண்ணீரில் வைத்திருப்பார்கள்; அதைப் பார்த்துச் சிரிக்காதே, சித்திரை வெயிலுக்கு அது சரியான ஏற்பாடு. நிலையத்து பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி இருக்கிறதா என்று காலையில் முதல் வேலையாகப் பார். உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் உதவாது.

தங்குவதற்குச் சிங்கம்புணரியில் சித்தி வீடு இருக்கிறது. நான் பேசிவிட்டேன், சந்தோஷமாக வரச்சொன்னாள். அக்காவிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன். நாளைக்கே கல்லூரிக்குப் போய் அந்த இடத்துக்குச் சம்மதம் என்று எழுதிக் கொடு.

அன்புடன்,
மாமா