சீசன் இல்லாத நேரத்தில் இரவிகுளம்

கேள்வி: ஆர்டர் குறைந்திருக்கும்போதுதான் கம்பெனியில் லீவு கிடைக்கிறது. கூட்டமில்லாத மாதத்தில் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போகலாமா? – பனியன் தொழிலாளி, திருப்பூர்

பதில்: போகலாம், ஆனால் பிப்ரவரி, மார்ச்சில் வேண்டாம். வரையாடுகள் குட்டி போட்டு வளர்க்கும் காலம் என்பதால், வழக்கமாக அப்போது பூங்காவைப் பயணிகளுக்கு மூடிவிடுவார்கள். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டைப் பார்க்கத் திருப்பூர்க்காரர்கள் கேரளாவுக்குப் போவது ஒரு வேடிக்கைதான். 1978-இல் தேசியப் பூங்காவான இந்த 97 சதுர கிலோமீட்டரில் அவை பெருங்கூட்டமாக வாழ்கின்றன. ஏப்ரலில் திறந்ததும் போனால் குட்டிகளையும் பார்க்கலாம். கோடை விடுமுறைக் கூட்டத்தையும் சேர்த்துத்தான்.

உண்மையில் ஆள் குறைவது ஜூன், ஜூலை மழையில். உடுமலையைத் தாண்டிச் சின்னாறு வரை மழை மறைவுப் பகுதி, வெயில் காயும். மறையூர்ச் சந்தனக் காட்டைக் கடந்து ஏற ஏறத்தான் மூடுபனியும் சாரலும். பூங்கா நுழைவாயில் மூணாறுக்கு முன்பே, வரும் வழியிலேயே இருக்கிறது. ஊருக்குள் போய் நெரிசலில் மாட்ட வேண்டியதில்லை. நுழைவாயிலிலிருந்து பூங்காவுக்குள் ராஜமலைக்கு வனத்துறைப் பேருந்து. பனி இறங்கினால் பத்தடி தூரத்து ஆடுகூடத் தெரியாது.

கனமழை எச்சரிக்கை இருந்தால் கிளம்பவே கூடாது. 2020 ஆகஸ்டில் ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் இரவில் நேர்ந்த நிலச்சரிவில் 70 பேர் பலியானார்கள்; பெரும்பாலும் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள்.

நீலக்குறிஞ்சிக்காகவென்றால் அவசரமில்லை. 2018-இல் பூத்தது, அடுத்தது 2030.