கடல் கடந்த ஊரில் காரைக்கால் அம்மையார்!

‘அம்மா, இந்த லீவுக்குக் கம்போடியா போகலாமா?’ என்று பிள்ளைகள் கேட்கிறார்களா? சந்தோஷமாகக் கிளம்புங்கள். ஆனால், உங்கள் மனதில் ஒரு தயக்கம் எட்டிப் பார்க்கும். ‘அங்கே அர்ச்சகர் கிடையாதாமே... ஆறு கால பூஜை கிடையாதாமே... இடிந்த கோயிலில் நின்று கும்பிடலாமா?’

நியாயமான கேள்விதான். பின்னமான மூர்த்தியை வைத்துப் பூஜை நடத்தக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது பூஜைக்கு உண்டான விதி. மனதார நினைத்துக் கைகூப்புவதற்கு எந்தத் தடையும் இல்லை. மனதுக்குள்ளேயே கோயில் கட்டிக் கும்பாபிஷேகம் செய்த பூசலார் நாயனாரைத் தேடி வந்து அருளியவர் அல்லவா நம் ஈசன்!

அந்த ஊரின் பெயர் சியெம் ரீப். ஹோட்டல்களும் கடைத்தெருவுமாக எப்போதும் கலகலப்பாக இருக்கும் சுற்றுலா நகரம். அதைச் சுற்றித்தான் கெமர் மன்னர்கள் எழுப்பிய ஆலயங்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்று இடங்களை மட்டும் தரிசிப்போம்.

மேற்கு பார்த்த மகாவிஷ்ணு கோயில்

12-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் மகாவிஷ்ணுவுக்குக் கட்டிய ஆலயம் அங்கோர்வாட். நடுக்கோபுரம் தரையிலிருந்து சுமார் 65 மீட்டர் உயரம். சுற்றிலும் உள்ள அகழியின் அகலமே சுமார் 190 மீட்டர்! பிற்காலத்தில் இது புத்தர் கோயிலாக மாறியது. இன்றும் பிட்சுக்கள் வந்து வழிபடும் தலம் இது. ஆகவே, ‘பாழடைந்த கோயில்’ என்று நினைத்துவிடாதீர்கள்.

மேற்கு வாயில் கோபுரத்துக்குள் எட்டுக் கரங்களுடன் ஒரு பெரிய திருமேனி நிற்கிறது. மகாவிஷ்ணுவின் உருவம். உள்ளூர் மக்கள் ‘தா ரீச்’ என்று அழைத்து, பட்டுத்துணி சாற்றி, ஊதுபத்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறார்கள். ‘தா’ என்றால் தாத்தா. பெருமாளைத் தங்கள் குலத்தின் மூத்தவராகவே கொண்டாடுகிறார்கள். நீங்களும் அங்கே ஒரு பூ வைத்துக் கும்பிடலாம்.

அடுத்து, சுற்று மண்டபச் சிற்பங்கள். மேற்கில் குருக்ஷேத்திரப் போர். தெற்கில் எருமை மேல் எமதர்மன், அருகில் சித்திரகுப்தன், கீழே 32 நரகங்கள். கிழக்கில் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி! ஒரு பக்கம் 92 அசுரர்கள், மறு பக்கம் 88 தேவர்கள், நடுவே மகாவிஷ்ணு, மலையைத் தாங்கும் கூர்மம். அத்தனையும் நீங்கள் பாட்டியிடம் கேட்ட கதைகள். பேரன் பேத்திகளுக்கு அங்கேயே சொல்லுங்கள். வழிகாட்டியே தேவைப்படாது!

இந்த வரிசையில் பார்க்க வேண்டுமானால் இடமாகச் சுற்ற வேண்டும். ‘அப்பிரதட்சிணம் ஆகிவிடுமே’ என்று கலங்க வேண்டாம். சிற்பம் பார்ப்பது வேறு, சன்னிதியை வலம் வருவது வேறு.

ஓயாத அபிஷேகம்

நகரிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ளது கபால் ஸ்பியன். காட்டு வழியில் ஒன்றரை கி.மீ. ஏற வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் யோசித்துச் செல்லுங்கள்.

மேலே போனால், ஓடும் ஆற்றின் பாறைப் படுகையில் வரிசை வரிசையாகச் சிவலிங்கங்கள்! 11-ம் நூற்றாண்டில் செதுக்கப்பட்டவை. பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாளும், அவர் திருவடியில் லட்சுமியும் உண்டு. லிங்கங்களைத் தழுவி வரும் தண்ணீர் புனிதமாகி வயல்களுக்குப் பாய வேண்டும் என்பதே அன்றைய மக்களின் எண்ணம். அர்ச்சகர் இல்லை, குடமும் இல்லை. ஆனால், சுமார் ஆயிரம் ஆண்டுகளாக அந்த ஆறே அபிஷேகம் செய்துகொண்டிருக்கிறது.

அம்மையின் தரிசனம்

மூன்றாவது, பந்தியாய் ஸ்ரீ. சுமார் 35 கி.மீ. தொலைவு. கி.பி. 967-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட சிவாலயம். கட்டியவர் மன்னர் அல்ல. யக்ஞவராகர் என்ற ராஜகுரு. சுவாமியின் திருநாமம் திரிபுவன மகேஸ்வரர். இளஞ்சிவப்புக் கல்லில், சந்தன மரத்தில் இழைத்தது போன்ற வேலைப்பாடு. கயிலையைப் பெயர்க்கும் ராவணனும் உண்டு, காமதகனமும் உண்டு.

கிழக்கு வாயில் முகப்பை நிமிர்ந்து பாருங்கள். சிவபெருமான் ஆடுகிறார். அவர் காலடியில், எலும்பும் தோலுமாக ஒரு பெண் உருவம் அமர்ந்திருக்கிறது. நம் காரைக்கால் அம்மையார் என்றே ஆய்வாளர்கள் அதை அடையாளம் காண்கிறார்கள்!

புனிதவதி யார்? கணவருக்குச் சோறு பரிமாறி, வந்த அடியாருக்கு மாங்கனி கொடுத்த ஓர் இல்லத்தரசி. அழகே வேண்டாம் என்று பேயுரு கேட்டு வாங்கி, ஈசனின் திருவடிக்கீழ் இருக்கும் வரம் மட்டும் போதும் என்றவர். சொந்த ஊர் எங்கே, கம்போடியா எங்கே! கடலைத் தாண்டியும் அந்த வரம் பலித்திருக்கிறதே!

அங்கே தீபாராதனை கிடையாது, விபூதி பிரசாதம் கிடையாது. ஆனால், அம்மையார் கேட்டதும் அவை அல்லவே. ஒரு நிமிடம் கண்மூடி நின்று ஐந்தெழுத்தைச் சொல்லுங்கள். அதுவே பூஜை.

கவனத்துக்கு...

* புடவை, சுடிதார் நல்லது. தோளும் முழங்காலும் மறைய வேண்டும்.

* கற்பூரம், அகல்விளக்கு ஏற்ற வேண்டாம். குங்குமம் பூசுவதும் சிற்பங்களைத் தொடுவதும் கூடாது. கல் தேய்ந்துபோகும்.

* அங்கோர்வாட் மேல்தளத்தின் படிகள் செங்குத்தானவை. கர்ப்பிணிகளுக்கும் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் அங்கே அனுமதி இல்லை. பௌத்தப் புனித நாட்களில் மேல்தளம் மூடப்படும்.

* நுழைவுச்சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாட்களுக்கு 62 டாலர். இந்த மூன்று இடங்களுக்கும் அதுவே போதும்.

* உள்ளூர்ச் சமையலில் மீன் சாறும் ‘ப்ரஹோக்’ எனும் மீன் விழுதும் சேரும். ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் மட்டும் போதாது, ‘மீன் சாறும் வேண்டாம்’ என்று சொல்லுங்கள். நகரில் இந்திய உணவகங்கள் உண்டு. புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் கையில் இருந்தால் இன்னும் நிம்மதி.

* நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் குறைவு. 2023-ல் திறக்கப்பட்ட புதிய விமான நிலையத்திலிருந்து நகருக்குச் சுமார் ஒரு மணி நேரப் பயணம்.