கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸை மாற்றலாமா?

விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அது முதல் நம் வணிகப் பெருமக்கள் பலர் கேட்பது ஒன்றுதான்: "மிஷின் நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு மாற்ற வேண்டும்?"

கேள்வி நியாயமானதே. பில் இன்று போல் நாளையும் போடலாம். ஆனால் பூட்டில் பழுது கண்டால் சரிசெய்ய இனி ஆள் வரமாட்டார். 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகமெங்கும் கம்ப்யூட்டர்களில் இருந்த கோப்புகளைப் பூட்டி, திறக்க 300 டாலர் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது. மாட்டியவர்கள் அதைப் போடாதவர்கள். மொத்த வியாபாரத்தில் நமக்கு வரவேண்டிய பாக்கி முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அது போனால் பாக்கிக்காரர் சொல்வதே கணக்கு! ஜி.எஸ்.டி. சட்டமோ ஆண்டு ரிட்டர்ன் கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்கைக் காப்பாற்றச் சொல்கிறது.

விண்டோஸ் 11-க்குப் போவதானால் மிஷினில் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கும். மைக்ரோசாப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச புரோகிராம் இதைச் சோதித்துச் சொல்லிவிடும். சில மிஷின்களில் டி.பி.எம். இருந்தும் பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். மதர்போர்டையே மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். மெமரி 4 ஜி.பி. போதும் என்பது காகிதக் கணக்கு. எங்கள் அனுபவத்தில் 8 இல்லாமல் கடைக்கு ஒத்துவராது.

அடுத்தது லினக்ஸ். உபுண்டு, மின்ட் என்று பல வகை. பணம் கிடையாது, பழைய மிஷினிலும் ஓடும், தமிழிலும் வரும். பின் ஏன் எல்லோரும் மாறவில்லை? டாலிதான் காரணம். டாலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. லினக்ஸில் குறுக்கு வழியில் ஓட்டிக் காட்டுவோர் உண்டு. மார்ச் மாதக் கடைசியில் அது மக்கர் செய்தால் யாரைக் கேட்பது? லேபிள் பிரிண்டரும், கம்பெனிகள் ஜி.எஸ்.டி.க்குக் கையெழுத்திடும் டோக்கனும்கூடச் சோதித்துப் பார்க்க வேண்டியவை. லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, ஹார்டு டிஸ்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ஆகவே எங்கள் கருத்து இது: கணக்கு எழுதும் மிஷினுக்கு விண்டோஸ் 11, தேவையானால் அதற்கு மட்டும் புது மிஷின். மெயிலும் இன்டர்நெட்டும் மட்டும் பார்க்கும் குடோன் மிஷினுக்கு லினக்ஸ் தாராளம். மாற்றவே முடியாத பழைய மிஷினில் டாலி இருந்தால் இன்டர்நெட் வயரைக் கழற்றிவிடுங்கள். வேறு மிஷினில் இருந்து வரும் பென் டிரைவையும் அதில் செருக வேண்டாம்.

மாற்றும் வேலையைத் தீபாவளி நெருக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். டாலி பேக்கப்பை இரண்டு பிரதி எடுத்து, புது மிஷினில் ஏற்றி, ஒவ்வொரு பார்ட்டியின் பாக்கியும் சரக்கு இருப்பும் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று கணக்குப்பிள்ளையை வைத்துச் சரிபாருங்கள். ஒரு மாதம் பழைய மிஷின் அப்படியே இருக்கட்டும். பிறகு விற்பதானால் ஹார்டு டிஸ்கைக் கழற்றிக்கொண்டு விற்கவும். நம் கொள்முதல் விலை எதிர்க்கடைக்காரர் கைக்குப் போக வேண்டாம்.