கணிப்பொறி அட்டவணையும் நிரைத் தேர்வும்



கணிதப் பாடத்தில் அணிகளைப் படிக்கும்போது, இடமிருந்து வலமாகச் செல்வது நிரை என்றும், மேலிருந்து கீழாகச் செல்வது நிரல் என்றும் கற்றோம். வருகைப் பதிவேடும் மதிப்பெண் பட்டியலும் நூலகப் பதிவேடும் இவ்வாறு அமைந்தவையே. இன்று இவை கணிப்பொறித் திரையிலும் இடம் பெற்றுவிட்டன. திரையில் ஒரு நிரையின் மீது மவுஸை வைத்து அழுத்தினால் அந்த நிரை முழுவதும் நிறம் மாறுகிறது. இதுவே நிரைத் தேர்வு. பார்ப்பதற்கு எளிய செயல்தான். ஆனால் அடுத்து நாம் ‘நீக்கு’ என்றாலும் ‘வழங்கு’ என்றாலும், கணிப்பொறி அத்தேர்வை நம்பியே செயல்படும். தேர்வு பிழையானால் பின்வருவன யாவும் பிழையே.

ஜாவா என்னும் கணிப்பொறி மொழியை 1995-ஆம் ஆண்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. 2010-இல் ஆரக்கிள் நிறுவனம் சன் நிறுவனத்தை வாங்கியது. திரையில் பொத்தான், பட்டியல் முதலியவற்றை அமைக்க உதவும் ‘ஸ்விங்’ என்ற தொகுதி 1998-இல் ஜாவா 1.2 உடன் வெளிவந்தது. அதில் அட்டவணைக்குரிய பகுதி ‘ஜேடேபிள்’ எனப்படும். அதனையே நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

மூவகைத் தேர்வு

‘செட் செலக்ஷன் மோடு’ என்ற கட்டளையால் மூன்று முறைகளில் ஒன்றை அமைக்கலாம். முதலாவது, ஒரு நேரத்தில் ஒரே நிரை. இரண்டாவது, அடுத்தடுத்துள்ள பல நிரைகள். மூன்றாவது, விட்டுவிட்டு அமைந்த பல நிரைகள். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் மூன்றாம் முறையே அமையும். வகுப்புத் தலைவி ஒருத்தியைத் தேர்ந்தெடுக்க முதல் முறை போதும். சுற்றுலா செல்லும் மாணவியரைக் குறிக்க மூன்றாம் முறை வேண்டும்.

நமக்கேற்ற விதி

மூன்றாம் முறையில், முன்பு தேர்ந்த நிரை விலகாமல் இன்னொன்றைச் சேர்க்க ‘கன்ட்ரோல்’ விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். அதை மறந்தால் முந்தைய தேர்வுகள் யாவும் மறைந்துவிடும். இவ்வழக்கத்தை நாம் மாற்றலாம். ‘சேஞ்ச் செலக்ஷன்’ என்ற செயல்முறைக்கு நிரை எண், நிரல் எண், மாற்றிப்போடு, நீட்டு என்னும் நான்கு செய்திகள் செல்கின்றன. அதை நாமே புதிதாக எழுதி, ‘நீட்டு’ பொய்யாக இருக்கும்போதெல்லாம் ‘மாற்றிப்போடு’ என்பதை மெய்யாக்கி அனுப்பினால், ஒருமுறை அழுத்தினால் நிரை சேரும்; மறுமுறை அழுத்தினால் விலகும். ஆனால் அம்புக்குறி விசைகளும் இவ்வழியாகவே வருவதால், அவற்றால் நகரும்போதும் தேர்வு மாறும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

தேர்வு மாறியதை அறிவிக்க ஒரு கேட்பானை அமைக்கலாம். மவுஸை அழுத்தும்போது ஒன்றும் விடும்போது ஒன்றுமாக, ஒரே செயலுக்கு இரு அறிவிப்புகள் வரக்கூடும். ‘கெட் வேல்யூ இஸ் அட்ஜஸ்டிங்’ பொய் என்று விடை தரும்போதுதான் தேர்வு முடிந்தது என்று கொள்ள வேண்டும்.

இடம் வேறு, ஆள் வேறு

இனி மிக முக்கியமான செய்திக்கு வருவோம். 101 முதல் 105 வரை பதிவெண் கொண்ட ஐந்து மாணவியர் முறையே 56, 71, 64, 90, 83 மதிப்பெண் பெற்றதாகக் கொள்வோம். கணிப்பொறி நிரைகளைச் சுழியத்திலிருந்து எண்ணும். எனவே 101 இருப்பது சுழியம். 104 இருப்பது 3. இப்போது மதிப்பெண்ணின் இறங்கு வரிசையில் அடுக்கினால் 104 முதலிடத்திற்கு வருகிறாள். உதவித்தொகை வழங்க அவளைத் தேர்ந்தெடுக்கிறோம். ‘கெட் செலக்டட் ரோ’ தரும் விடை சுழியம். அது திரையில் உள்ள இடம் மட்டுமே. உள்ளே சேமித்த பட்டியலில் வரிசை மாறவில்லை. அங்கே சுழியத்தில் 101 இருக்கிறாள். அவ்வெண்ணை அப்படியே பயன்படுத்தினால், 90 பெற்றவளுக்குரிய தொகை 56 பெற்றவளின் பெயரில் பதிவாகும். திரையோ எவ்விதப் பிழையும் காட்டாது!

இதைத் தடுக்க ‘கன்வர்ட் ரோ இண்டெக்ஸ் டு மாடல்’ என்ற கட்டளை உண்டு. அடுக்கும் வசதியோடு 2006-இல் ஜாவா 6-இல் வந்தது இது. திரையின் சுழியத்தை இதனிடம் கொடுத்தால் 3 என்று விடை தரும். தேர்வு எதுவும் இல்லையெனில் முதலில் கிடைப்பது -1. அதை முன்னரே சோதித்துவிட வேண்டும்.

பல நிரைகளை நீக்கும்போது, முதலில் எல்லா எண்களையும் மாற்றிக்கொண்டு, பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணை நோக்கி நீக்க வேண்டும். மேலே உள்ளதை முதலில் நீக்கினால் கீழுள்ளவை ஒரு படி ஏறிவிடும். அடுத்த எண் வேறொருவரைக் குறிக்கும்.

தோழியரே! கணிப்பொறிக்கு எண் தெரியும். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் மாணவியைத் தெரியாது. அவளை நினைவில் வைப்பது புரோகிராம் எழுதுபவரின் கடமை. நாளை நம்மில் யாரேனும் பட்டியல் ஒன்றைக் கணிப்பொறியில் ஏற்றினால், நிரையைத் தொடுமுன் அது எவருடைய நிரை என்று கேட்டுச் செயல்படுவோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி