வாய் உண்டு, சாப்பிடாது

கேள்வி: ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். தண்ணீரின் அருமை பற்றிய பாடம் என்றாலே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். விடுகதை சொல்லி நடத்தலாமா?
- ஓர் ஆசிரியை, ராமநாதபுரம்

பதில்: தாராளமாக. ஆங்கிலத்தில் பழைய விடுகதை ஒன்று உண்டு: ‘மவுத்’ இருக்கும், சாப்பிடாது; ‘பெட்’ இருக்கும், தூங்காது. விடை, ஆறு. அத்தோடு நகர்ந்துவிடாதீர்கள். ஆறு கடலில் சேரும் இடம் ஆங்கிலக்காரர்களுக்கு வாய், நமக்கு முகத்துவாரம். அடித்தரை அவர்களுக்குப் படுக்கை; நமக்குப் படுகை. இரண்டு மொழிகளும் ஆற்றை உயிருள்ளதாகவே பார்த்திருக்கின்றன என்று புரியும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

பிறகு மழை, ஊருணி, குடம் என்று பிள்ளைகளே ‘ஐ ஹேவ்... பட் ஐ கான்ட்...’ அமைப்பில் எழுதட்டும். பிழைகளை அப்போதே திருத்தாதீர்கள், ஆர்வம் வடிந்துவிடும். கடைசியில் ஒரு கணக்குப் புதிர்: உலகின் தண்ணீர் 100 குடம் என்றால் ஏறக்குறைய 97 குடம் உப்பு. மிச்சத்திலும் பெரும்பகுதி பனிக்கட்டி. குடிக்க எவ்வளவு? குடம் சுமந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்காது.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவர்கள் எழுதியதை அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள்.