யாரிடம் கேள்வி கேட்பது?

மீனா என்று ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். வயது 24. சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். பெங்களூரு பீன்யாவில் கார்மென்ட்ஸ் வேலை. பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள்.

வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள்.

"பையனிடம் நான் பேசிப் பார்க்கணும்" என்றாள் மீனா.

"பொம்பளைப் பிள்ளைக்கு அது எதுக்கு?" என்றான் அண்ணன்.

மீனா தன் செல்போனில் ஒரு செயலியை இறக்கினாள். ஆணும் பெண்ணும் பேசிப் பழகித் துணை தேடும் செயலி அது. தன் படத்தைப் போட்டாள். செய்திகள் வந்து குவிந்தன. பல செய்திகள் அசிங்கமாக இருந்தன. பதில் போடாவிட்டால் திட்டு வந்தது.

இந்தத் தொல்லை பல நாட்டுப் பெண்களுக்கும் உண்டு. அதனால்தான் 2014-இல் அமெரிக்காவில் ஒரு பெண் 'பம்பிள்' என்ற செயலியைத் தொடங்கினார். ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் விரும்பினால், பெண்தான் முதலில் செய்தி எழுத வேண்டும். இதுவே அதன் விதி. 2018-இல் அது இந்தியாவுக்கும் வந்தது. 2024-இல் அந்த விதியைத் தளர்த்தினார்கள். விதி ஓரளவுதான் உதவும். ஆண்களின் எண்ணமும் மாற வேண்டும்.

மீனாவிடம் ஒருவன் மட்டும் மரியாதையாகப் பேசினான். கப்பலில் என்ஜினீயர் என்றான். "சாப்பிட்டாயா?" என்று தினமும் கேட்டான். இரண்டு மாதம் சென்றது. வீடியோவில் மட்டும் அவன் முகம் காட்டவில்லை.

ஒருநாள், "உனக்குப் பரிசு அனுப்பினேன். சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள். 8,000 ரூபாய் கட்டு" என்றான். மீனா கட்டினாள். அடுத்த வாரம் 10,000 கேட்டான். அதையும் இரவில் அனுப்பினாள். அன்றே இன்னும் 20,000 கேட்டான். மீனா மறுத்தாள்.

"உன் படத்தை மாற்றி ஊருக்கு அனுப்புவேன்" என்று மிரட்டினான்.

மறுநாள் காலையில் மீனா வேலைக்குப் போகவில்லை. சாப்பிடவும் இல்லை. அறைத்தோழி செல்வி அக்கா விசாரித்தாள். மீனா அழுதாள்.

"தப்பு என்மேலதான் அக்கா."

"நம்புறது தப்பா கண்ணு? ஏமாத்துறதுதான் தப்பு. அழிச்சிடாதே. எல்லாத்தையும் எடுத்து வை."

இருவரும் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தார்கள். இது பணமோசடிக்கான உதவி எண். முந்தின இரவு அனுப்பிய பணத்தை வங்கி நிறுத்தி வைத்தது. முதலில் போன 8,000 ரூபாய் கிடைக்கவில்லை. பிறகு காவல் நிலையம் போனார்கள். மீனா புகாரைத் தன் கையாலேயே எழுதினாள். நாள், நேரம், தொகை எல்லாம் எழுதினாள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெற்றாள். மிரட்டல் நின்றது.

செய்தி அண்ணன் காதுக்குப் போனது. "இனி உனக்குப் போன் வேண்டாம். ஊருக்கு வந்துவிடு" என்றான்.

செல்வி போனை வாங்கினாள். "தம்பி, திருடன் வந்தா வீட்டுக்குப் பூட்டுப் போடுவோம். வீட்டையே விட்டுட்டுப் போவோமா? ஏமாத்தினவனை ஒரு கேள்வி கேட்டியா? இவளை மட்டும் ஏன் கேக்கிறே?"

அண்ணன் பதில் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, "மீனா சாப்பிட்டாளா?" என்று கேட்டான்.

தெரிந்துகொள்வோம்

1. நேரில் பார்க்காதவர் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். முகம் காட்ட மறுப்பவரை நம்ப வேண்டாம்.

2. முதல் சந்திப்பு பலர் இருக்கும் இடத்தில் இருக்கட்டும். தோழியிடம் இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள்.

3. பெண் "வேண்டாம்" என்று தெளிவாகச் சொன்ன பிறகும் அவளைத் தொடர்வது குற்றம். போனில் தொடர்ந்தாலும் குற்றமே. 2013 முதல் இதற்குச் சட்டம் உண்டு. இப்போது இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு. முதல் முறைக்கு 3 ஆண்டு வரை சிறை.

4. இந்தப் பிரிவில் பாதிக்கப்பட்ட பெண் சொல்லும் புகாரைப் பெண் காவலர் அல்லது பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம்.

5. பெண்கள் உதவி எண் 181.

கலந்து பேசுவோம்

1. மீனா ஏன் உடனே யாரிடமும் சொல்லவில்லை?

2. மாப்பிள்ளையிடம் பேசிப் பார்க்க வீட்டில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

3. உங்கள் ஊரில் ஒரு பெண் ஏமாற்றப்பட்டால் முதலில் யாரிடம் கேள்வி கேட்கிறார்கள்? அது சரியா?

எழுதுவோம்

மீனாவுக்காக ஒரு புகார்க் கடிதம் எழுதுங்கள்.