மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லையா? முதலில் அந்த வண்டியை விடாதீர்கள்!

கேள்வி: போன வாரம் விழுப்புரத்திலிருந்து குடும்பத்தோடு காரில் திரும்பும்போது, திண்டிவனம் அருகே ஒரு குட்டியானை (மினி லோடு வண்டி) பின்னால் வந்து இடித்துவிட்டது. என் மனைவிக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். காரின் டிக்கி உள்ளே போய்விட்டது. எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று; அந்த வண்டி ஸ்டேஷனில் நிற்கிறது. அதற்கு இன்சூரன்ஸ் முடிந்து ஐந்து மாதம் ஆகிறதாம். ஆர்.சி. வேறு யார் பெயரிலோ இருக்கிறது. வாங்கி ஓட்டுகிறவர், “முப்பதாயிரம் தருகிறேன், ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கேஸ் போட்டால் பத்து பைசா வராது” என்கிறார். என் காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் உண்டு. என்ன செய்யலாம்?
— வாசகர், செங்கல்பட்டு

பதில்: ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். இன்சூரன்ஸ் இல்லாததால் கம்பெனிப் பணம் வராது என்பது மட்டும்தான் உண்மை. நஷ்டஈடு தர வேண்டிய கடமை அப்படியே வண்டிக்காரர் தலையில் நிற்கிறது. அதைத் தீர்ப்பாக வாங்குவதைவிட வசூலிப்பதுதான் கஷ்டம். ஆகவே, ஸ்டேஷனில் நிற்கும் அந்த வண்டியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

இன்சூரன்ஸ் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், கோர்ட் திருப்தியடையும் அளவுக்கு உரிமையாளர் ஜாமீன் தொகையோ சொத்துப் பிணையோ கொடுக்காமல் அதை விடுவிக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குள் அது வராவிட்டால் வண்டியை ஏலம் விட்டு, பணத்தை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும். எல்லா மாநிலங்களும் இப்படி விதி கொண்டுவர வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022-இல் மத்திய விதிகளிலும் இது சேர்ந்தது. நடைமுறையில் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் வண்டி சுலபமாக வெளியே போய்விடும். எனவே ‘இந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை, பிணை இல்லாமல் விடுவிக்கக் கூடாது’ என்று இன்ஸ்பெக்டரிடம் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வண்டியைக் கேட்டு அவர்கள் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போனால், அங்கும் உங்கள் வக்கீல் ஆட்சேபம் சொல்லட்டும்.

எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டு, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று காட்டுவதை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விபத்து நடந்த பிறகு அவசரமாகப் பாலிசி எடுத்து நீட்டுவது பழைய தந்திரம். அப்படிக் காட்டினால் தேதியை மட்டும் பார்க்காதீர்கள். பாலிசி எத்தனை மணி எத்தனை நிமிடத்திலிருந்து செல்லும் என்பதும் அதில் அச்சாகியிருக்கும், அதை எஃப்.ஐ.ஆரில் உள்ள விபத்து நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து, யார் மீது வழக்கு? ஓட்டியவர், வாங்கியவர், ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். “நான் எப்போதோ விற்றுவிட்டேன்” என்று ஆர்.சி.காரர் சொல்லித் தப்ப முடியாது. பெயர் மாற்றாதவரை சட்டத்தின் கண்ணில் அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்கியவர் கையை விரித்தாலும், சொத்துள்ள ஒருவர் இதனால் கிடைக்கக்கூடும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் உங்கள் மனைவி மனுப் போடலாம். திண்டிவனத்துக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே போடலாம். ஆஸ்பத்திரிச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்களின் வருமானம், வலி வேதனை, கையில் குறைபாடு தங்கினால் அதற்கும் கேட்கலாம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். அதனால் 164-ஆம் பிரிவில், யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே 2.5 லட்சம் ரூபாய் கேட்கவும் வழி இருக்கிறது. எது லாபம் என்பதை மருத்துவ பில்களைக் கூட்டிப் பார்த்து வக்கீலோடு முடிவு செய்யுங்கள். இரண்டில் எதுவானாலும் வண்டிக்காரர் சொல்லும் முப்பதாயிரம் எங்கே நிற்கிறது பாருங்கள். மனுவுக்குச் சட்டம் வைத்த கெடு விபத்து நாளிலிருந்து ஆறு மாதம். கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துக் கடை பில் உட்பட எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். தீர்ப்புக்குப் பிறகும் பணம் தராவிட்டால், தீர்ப்பாயத்தின் சான்றிதழை வைத்து 174-ஆம் பிரிவின்படி கலெக்டர் மூலம் நிலவரிப் பாக்கிபோல வசூலிக்கலாம்.

காருக்கு உங்கள் கம்பெனியிலேயே ஓன் டேமேஜ் கிளெய்ம் போடுங்கள். இதுவரை தகவல் சொல்லவில்லை என்றால் இன்றே சொல்லிவிடுங்கள். சர்வேயர் பார்க்கும் முன் பழுது வேலையைத் தொடங்காதீர்கள். தப்பு அடுத்தவருடையதாக இருந்தாலும் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும் (அதைக் காப்பாற்றும் ஆட்-ஆன் எடுத்திருந்தால் தப்பும்). போனஸ் முதல் ஆண்டு 20 சதவீதத்தில் தொடங்கி, 50 சதவீதத்தைத் தொட ஐந்து ஆண்டு ஆகும். ஆகவே பம்பர் கீறல் போன்ற சின்னச் செலவுக்குக் கைக்காசு போடுவதே மேல். டிக்கியே நசுங்கிய உங்களுக்குக் கிளெய்ம்தான் சரி. பயணிகளுக்கான விபத்துக் காப்பீட்டைத் தனியாகச் சேர்த்திருக்கிறீர்களா என்றும் பாலிசியில் பாருங்கள்.

அந்த ஸ்டாம்ப் பேப்பரில் இன்னோர் ஆபத்தும் உண்டு. உங்களுக்குப் பணம் கொடுக்கும் கம்பெனிக்கு, அதை இடித்தவரிடமிருந்து வசூலிக்கும் உரிமை வந்துவிடுகிறது. ‘முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி பாத்தியதை இல்லை’ என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் அந்த உரிமை அடிபடும். அதைக் காரணம் காட்டி உங்கள் கிளெய்மையே மறுக்க இடம் கொடுத்ததாகிவிடும்.

இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு 196-ஆம் பிரிவில் முதல் முறை மூன்று மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அபராதம் அரசாங்கத்துக்குப் போகும். உங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. சமரசம் பேசத்தான் வேண்டும் என்றால், தீர்ப்பாயத்தில் மனுப் போட்ட பிறகு லோக் அதாலத்தில் பேசுங்கள். அங்கே எழுதப்படுவதற்குக் கோர்ட் தீர்ப்பின் பலம் உண்டு.